கப்பல் ஊதுவது கேட்க வேண்டும்

தருவைகுளத்தில் காது மந்தமாவதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. நாற்பதைத் தாண்டிய படகு டிரைவரிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். அவர் வீட்டு டிவி தெருமுனை வரை கேட்கும். "கடலுக்குப் போற காது அப்படித்தான இருக்கும்" என்று அவர் மனைவியே சொல்லி முடித்துவிடுவார். தூத்துக்குடிக்கு வடக்கே, ராமநாதபுரம் போகும் சாலையை ஒட்டி, மிக்கேல் அதிதூதர் கோயிலைச் சுற்றி அமைந்திருக்கும் இந்த ஊர்தான் என் ஊர். செவித்திறன் சோதிக்கும் படிப்பை முடித்துத் தூத்துக்குடியில் வேலைக்கு அமர்ந்ததிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கரைக்காரர்கள்: வலையை மிதக்கவிட்டு மீன்பிடிக்கும் பருவலைப் படகுக்காரர்கள், துறைமுகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள், சங்குக்குளிகள், சரக்குக் கப்பலின் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கும் பிள்ளைகள்.

சில வருடங்களாக இவர்களில் பலர் பையில் ஒரு ஹெட்போனையும் கொண்டுவருகிறார்கள். இரைச்சலை நீக்கும் ரகம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனோ மருமகனோ அனுப்பியதாக இருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இத மாட்டுனா காது கெடாதுல்லா?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடப் போய்த்தான், ஒரு காதைப் பாதுகாப்பது என்றால் என்ன என்பதே எனக்குத் தெளிவானது.

முதலில் இந்தக் காதுகள் எதைத் தாங்குகின்றன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பருவலைப் படகு சூரைக்கும் சீலாவுக்கும் கிளம்பினால் நாள்கணக்கில் கடலில் கிடக்கும். எஞ்சின் ரூம் காலுக்குக் கீழேயே இருக்கிறது. படகு ஓட்டுவதும், சோறு பொங்குவதும், உறங்குவதும் அந்த டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் இரைச்சலில் ஒருவர் நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். ஓடும் படகில் எஞ்சின் ரூம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து ஆயில் பார்க்கிறவர் அந்தக் கால் மணி நேரத்தை எத்தனை முறை தாண்டுகிறார் என்று எண்ணுவதற்கு ஆளில்லை. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் படகு தொழிற்சாலைக் கணக்கில் வராது. ஆலையில் வேலை செய்கிறவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார், இரவு முழுவதும் அவர் காதுக்கு ஓய்வு. படகில் அந்த ஓய்வும் கிடையாது.

சோதனை அறையில் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸ் கனத்த ஒலியிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் மெல்லிய கீச்சொலி வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கேட்டதும் பட்டனை அழுத்தச் சொல்வேன். இரைச்சலில் உழைத்த காதின் வரைபடத்தைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். கனத்த ஒலிகளில் கோடு ஒழுங்காக ஓடும். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழும். பிறகு 8,000இல் கொஞ்சம் ஏறும். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது கிடைத்தது அவ்வளவுதான். செத்தது மறுபடி முளைப்பதில்லை. அந்தப் பள்ளம் என்பது அவை செத்த இடம்.

"சத்தமெல்லாம் கேக்கு, பேச்சுதான் வெளங்கல" என்று இவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. உயிரெழுத்துகளின் பலம் கனத்த ஒலிகளில் இருக்கிறது, அது காதில் விழுந்துவிடுகிறது. ச, த, ப போன்ற மெய்களின் நுணுக்கம் மேலேயுள்ள கீச்சொலிகளில் இருக்கிறது, அது நழுவுகிறது. மீன் ஏலத்தில் எழுபதா எண்பதா என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டியிருப்பதால் ஏலக்கூடத்துக்கே போகாமல் தம்பியை அனுப்பும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். தன் மீனுக்குத் தானே விலை கேட்க முடியாத வருத்தம் எந்த வரைபடத்திலும் வராது.

இனி ஹெட்போன். இரைச்சலை எதிர் இரைச்சலால் அணைக்கலாம் என்ற யோசனைக்கு ஜெர்மனியரான பால் லூக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1950களில் லாரன்ஸ் ஃபோகல் அதை ஹெலிகாப்டர், விமான ஓட்டிகளின் காதுக்குக் கொண்டுவர முயன்றார். வங்கத்திலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ். அவர் 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டைவிட எஞ்சின் இரைச்சலே அதிகம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார். அவர் நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2000இல் பயணிகளுக்கான ஹெட்போன் வந்தது. ஆக, இந்தக் கருவி விமான எஞ்சினின் இடைவிடாத ஒரே சீரான உறுமலுக்காகப் பிறந்தது. அதன் பலம், பலவீனம் இரண்டுக்கும் காரணம் இந்தப் பிறப்புதான்.

ஹெட்போனின் மேல் இருக்கும் சிறு மைக் வெளி ஒலியைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அந்த அலையின் மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு என்று எதிர் அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் தணிந்துவிடும். இதில் நேரம்தான் எல்லாம். 100 ஹெர்ட்ஸ் உறுமலில் ஓர் அலை கடக்க வினாடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது. சில்லுக்கு அது தாராளமான அவகாசம். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியில் அதே அலை நாலாயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் கடந்துவிடும். எதிர் அலை கொஞ்சம் பிந்தினாலும் அணைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். அதனால் இந்த மின்வித்தை ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேலுள்ள ஒலியைக் காதைச் சுற்றியிருக்கும் மெத்தை தடுப்பதோடு சரி. சுத்தியல் அடி, வெட்டும் இயந்திரத்தின் கீச்சு, விஞ்ச் சங்கிலியின் சடசடப்பு எல்லாம் இந்த வகை.

பருவலைப் படகு டிரைவர் ஒருவர், எனக்கு மாமா முறை, ஒரு நாள் புத்தம்புது ஹெட்போனோடு வந்தார். "மருமவனே, இத மாட்டுனா எஞ்சின நிறுத்துன மாதிரி இருக்கு. தலவலி போன எடந்தெரியல. எந்நேரமும் போட்டுக்கிடட்டா?" முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவர் சொன்னது முழு உண்மை. 1,500 சுற்றில் ஓடும் ஆறு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வினாடிக்கு 75 முறை வெடிக்கிறது, 1,800 சுற்றில் 90 முறை. ஹெட்போன் அழகாக அணைக்கும் எல்லைக்குள்தான் அந்த உறுமல் விழுகிறது. நாள் முழுவதும் அதைச் சுமந்து களைத்த தலைக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் நான் அவரிடம் கேட்டது வேறு. "மாமா, வலைய விட்டுட்டு ராத்திரி எஞ்சின நிறுத்திட்டுத்தான கெடப்பிய? அப்பவும் மாட்டிக்கிடுவியளா?"

"ஆமா. படம் பாக்கதே அப்பத்தான?"

"கப்பல் ஊதுனா?"

அவர் பேசவில்லை. எங்கள் ஊர்ப் படகுகள் மாலத்தீவுப் பக்கம் வரை போகின்றன. இலங்கைக்குத் தெற்கே வளைந்து மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் இடையிலான எட்டு டிகிரிக் கால்வாய் வழியாகப் போகும் கிழக்கு மேற்குக் கப்பல் பாதை உலகத்தின் நெரிசலான பாதைகளில் ஒன்று. அந்தப் பக்கம்தான் இவர்கள் வலையை மிதக்கவிட்டு இருட்டில் கிடக்கிறார்கள்.

கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாம் விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. காதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அதே விதிகளின் பின்னிணைப்பு, கப்பலின் ஊதல் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ். 75 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பதற்கு 130 முதல் 350 ஹெர்ட்ஸ். கனத்த ஒலிதான் கடலில் நெடுந்தூரம் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. இந்த இரண்டு எல்லையும் ஹெட்போன் சிறப்பாக அணைக்கும் பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. படகு எஞ்சின் 75இல் உறுமுகிறது, பெரிய கப்பல் 70க்கு மேல் ஊதுகிறது. எது தொல்லை, எது எச்சரிக்கை என்று அந்தச் சில்லுக்குத் தெரிய வழியில்லை. இரண்டும் அதற்குக் கனத்த, நீண்ட, சீரான ஒலிதான்.

மாமாவுக்கு அதை அங்கேயே காட்டினேன். ஒரு ஸ்பீக்கரில் 120 ஹெர்ட்ஸ் ஒலியைத் தாழ்வாக வைத்தேன். வெறுங்காதில் கேட்டார். ஹெட்போனை மாட்டி இரைச்சல் நீக்கியைப் போட்டதும், "நிறுத்திட்டியா?" என்றார். நிறுத்தவில்லை. கையைத் தட்டியதும் திரும்பிப் பார்த்தார். மெல்லிய கைதட்டல் உள்ளே வருகிறது, கனத்த ஊதல் வெளியே நின்றுவிடுகிறது. பிறகு ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். பெரிய கப்பலின் ஊதல் இரண்டு கடல் மைலுக்குக் கேட்க வேண்டும் என்பது விதியின் கணக்கு. மணிக்கு 15 கடல் மைல் ஓடும் கப்பல் அந்தத் தூரத்தை 8 நிமிடத்தில் கடந்துவிடும். எஞ்சினை உசுப்பி, வலையை அறுத்துவிட்டாவது விலகுவதற்கு ஒரு படகுக்கு இருப்பது அந்த 8 நிமிடம். எஞ்சின் ஓடும்போது ஊதலை எஞ்சினே மூடிவிடுகிறது, அது வெறுங்காதுக்கும் உள்ள கஷ்டம். எஞ்சின் நின்றிருக்கும் இரவில் காது முழுசாகக் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அதை அடைத்துவைக்கக் கூடாது.

அன்று நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. காவல் பார்க்கிறவர் காதில் எதுவும் இருக்கக் கூடாது. காவல் முடிந்து படுக்கிறவர் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம். எஞ்சின் ரூமுக்குள் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் காதை மூடும் கெட்டியான மஃப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் படகைச் சரிசெய்ய வேண்டும். சைலன்சரில் புகை கசியும் இடத்தை அடைப்பது, தேய்ந்த எஞ்சின் ரப்பரை மாற்றுவது, எஞ்சின் ரூம் மூடி இடைவெளி இல்லாமல் உட்காரும்படி செய்வது. இவை ஒருவர் காதை மட்டுமல்லாமல் படகில் இருக்கும் அத்தனை பேர் காதையும் காக்கும்.

எஞ்சின் ரூமுக்கு ஏன் இந்த ஹெட்போன் ஆகாது என்பதைக் கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரைச்சல் விதிகள் 2014 ஜூலை முதல் புதுக் கப்பல்களுக்குக் கட்டாயமாயின. அவற்றின்படி இயந்திர அறையில் இரைச்சல் 110 டெசிபல் வரை இருக்கலாம். 85ஐத் தாண்டும் எந்த இடத்திலும் காதுக்குக் காப்பு அணிய வேண்டும். அந்தக் காப்பு எத்தனை டெசிபல் குறைக்கும் என்று சோதிக்கப்பட்டு, அந்த எண் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். பாட்டுக் கேட்பதற்காக விற்கும் ஹெட்போனில் பொதுவாக அந்த எண் இருக்காது, காதுக் காப்பாக அது சோதிக்கப்படவில்லை என்பதால். "அண்ணே, இதப் போட்டா சத்தமே தெரியலியே" என்று ஒரு பையன் வாதாடினான். அவன் சொன்னதிலேயே ஆபத்து இருக்கிறது. உறுமல் போய்விட்டதால் இரைச்சலே போய்விட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. 4,000 ஹெர்ட்ஸ் அணுக்களைக் கொல்லும் மேலொலி மெத்தை வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. காது வலித்தாலாவது ஓடுவான். சுகமாக இருப்பதால் அங்கேயே நிற்பான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவி காதைக் காக்கும் இடம் உண்மையிலேயே இருக்கிறது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும் பிள்ளைகள் சாதாரண இயர்போனில் பாட்டுக் கேட்டால், ரயில் சத்தத்தை மீறுவதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். காதைக் கெடுப்பது அந்தக் கூட்டல்தான். ரயிலின் உறுமலை எடுத்துவிட்டால் பாதி ஒலியிலேயே பாட்டுத் தெளிவாகக் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த அளவுகோல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை என்றும், குழந்தைகளுக்கு 75 என்றும் சொல்கிறது. இந்த எல்லைக்குள் நிற்க இரைச்சல் நீக்கி பெரிய துணை. ஆனால் உறுமல் போன பிறகும் பழைய அளவிலேயே பாட்டை வைப்பவருக்கு இதனால் ஒரு பலனும் இல்லை.

சுகம் என்று சொன்னேன். எல்லாருக்கும் அது சுகமாக இருப்பதில்லை. ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி, படிப்பதற்காக இந்த ஹெட்போனை வாங்கினாள். மாட்டிய கொஞ்ச நேரத்தில் காது அடைக்கிறது, மலைப்பாதையில் ஏறுவதுபோல உள்ளே அமுக்குகிறது என்று பயந்து வந்தாள். காதுக்குள் சிறு குழாயை வைத்துச் செவிப்பறையின் அழுத்தத்தை அளக்கும் சோதனை இருக்கிறது, டிம்பனோமெட்ரி என்போம். ஹெட்போன் போடுவதற்கு முன்னும் போட்டுக் கழற்றியதும் எடுத்துப் பார்த்தேன். செவிப்பறை ஒரே மாதிரிதான் இருந்தது. உண்மையில் அழுத்தம் எதுவும் ஏறவில்லை. கனத்த ஒலிகள் மட்டும் திடீரென்று மறைந்துபோவதைக் காதுக்கு உள்ளும் வெளியும் காற்றழுத்தம் மாறிவிட்டது போல மூளை எடுத்துக்கொள்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். காதுக்குக் கேடில்லை, ஆனால் அந்த வேதனை பொய்யில்லை. நீக்கும் அளவைக் குறைத்து வைக்கச் சொன்னேன். இடையிடையே கழற்றச் சொன்னேன். இறுக்கிப் பிடிக்காத வளையமாகப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நாளில் பழகிக்கொண்டாள். சிலருக்குப் பழகுவதேயில்லை. அவர்களுக்கு மெத்தை மட்டும் உள்ள சாதாரண ஹெட்போன்தான் சரி.

அழுத்தம் என்றால் என்ன என்பதைச் சங்குக்குளிகளின் காதைப் பார்க்கும் எவரும் மறக்க முடியாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதி உள்ளே காற்றைச் சமன்செய்யாமல் இறங்கினால் செவிப்பறை உள்வாங்கும், ரத்தம் கட்டும், கிழியவும் செய்யும். 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை இந்தக் கடலில் மூச்சடக்கி இறங்கிய தலைமுறைகள் இந்த வலியோடுதான் வாழ்ந்தன. இன்றும் சளி பிடித்த காதோடு சங்குக்கு இறங்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: மூக்கு அடைத்திருக்கும் நாளில் தண்ணீருக்குள் போகாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் காதுக்குள் செருகும் இயர்பட் எதையும் போடக் கூடாது. மற்றவர்களும் உப்புத்தண்ணீரும் வேர்வையும் ஈரமாக இருக்கும் காதில் மணிக்கணக்கில் அதைச் செருகி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அழுக்கு உள்ளே திணியும். துடைத்து, காய்ந்தபின் மாட்டுவது நல்லது. ஒருவர் போட்டதை மற்றவர் போடக் கூடாது.

2025 பிப்ரவரியில் பிரிட்டனின் செவியியலாளர்கள் சிலர் வேறொரு கவலையை எழுப்பினார்கள். கேட்கும் திறன் சரியாக இருந்தும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறிய முடியாத இளைஞர்கள் அதிகம் வருகிறார்கள், எந்நேரமும் இரைச்சலை நீக்கி வாழ்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, ஆய்வு தேவை என்றும் அவர்களே சொன்னார்கள். நான் இதை வைத்து யாரையும் பயமுறுத்துவதில்லை. ஆனால் வளரும் பிள்ளைகள் சந்தையின் இரைச்சலிலும் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் பேச்சைப் பொறுக்கிக் கேட்டுப் பழக வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்கிறேன். படிக்கும் நேரத்துக்கு ஹெட்போன் இருக்கட்டும், வீட்டுக்குள் நாள் முழுவதும் வேண்டாம்.

இத்தனை பேரைப் பார்த்த பிறகு என் விசாரணையின் வரிசை மாறிவிட்டது. முன்பெல்லாம் என்ன சத்தம் தொந்தரவு செய்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். இப்போது, உங்கள் வேலையில் எந்தச் சத்தம் கேட்டே ஆக வேண்டும் என்று கேட்கிறேன். டிரைவருக்குக் கப்பல் ஊதல். துறைமுகத்தில் நிற்பவருக்குப் பின்னால் வரும் லாரியின் ஒலி. எஞ்சின் ரூம் பையனுக்கு அபாய மணி. மாணவிக்கு அம்மா கூப்பிடும் குரல். அந்தப் பதில் வந்த பிறகுதான் மஃபா, அடைப்பானா, ஹெட்போனா, எதுவும் வேண்டாமா என்று சொல்ல முடிகிறது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு காதை மூடக் கூடாது.

எங்கள் ஊருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வருடந்தோறும் தானாகவே வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். இரைச்சலிலிருந்து வந்த கையோடு சோதித்தால் காது களைத்திருக்கும், வரைபடம் மோசமாகக் காட்டும். அரை நாளுக்கு மேல் அமைதியில் இருந்த காதைத்தான் நம்பி அளக்கலாம். தடைக்காலத்தில் எல்லாக் காதும் அப்படித்தான் இருக்கிறது. எஞ்சினுக்குச் செலவழிக்கும் அந்த நாட்களில் டிரைவரும் தொழிலாளிகளும் அரை மணி நேரம் வந்து காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும், சைலன்சரைப் பார்க்கும் மெக்கானிக் கையோடு எஞ்சின் ரூம் மூடியையும் பார்க்க வேண்டும், எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அட்டையில் அச்சான மஃப் ஒன்று ஒவ்வொரு படகிலும் தொங்க வேண்டும். போன வருடத்து வரைபடத்தையும் இந்த வருடத்து வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளம் ஆழமாவது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இளம் தொழிலாளிகள் முதலில் வர வேண்டும். அவர்கள் காதில்தான் காப்பாற்றுவதற்கு இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.